கோஹிபா சுருட்டு: ஒரே பேர்ல ரெண்டு நாட்டு சரக்கு எப்படி? வரலாறு தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

ராஜபாளையம்_செல்வா:

வணக்கம் மக்களே. எனக்கு சுருட்டு பழக்கம் எல்லாம் கிடையாது, ஆனா எங்க மாமா நல்ல சுருட்டுன்னா உயிரை விடுவார். போன மாசம் பெரியப்பா பையன் அமெரிக்காவுல இருந்து வந்தப்ப அவருக்குன்னு ஒரு பெட்டி கொண்டாந்தான், மேல கோஹிபான்னு போட்டு அந்த ஓ எழுத்துக்குள்ள சிவப்பா ஒரு பொட்டு இருந்துச்சு. மாமாவுக்கு தாங்க முடியாத சந்தோஷம். அடுத்த வாரமே அவரோட சம்பந்தி துபாய்ல இருந்து வரும்போது மூணு சுருட்டு இருக்கிற சின்ன பெட்டி ஒண்ணு கொடுத்தாரு, அதுலயும் கோஹிபா, ஆனா இது மஞ்சளும் கருப்புமா பட்டை, நடுவுல சின்ன சின்னதா வெள்ளை கட்டம். முதல் பெட்டியில டொமினிக்கன் ரிபப்ளிக்னு இருக்கு, ரெண்டாவதுல கியூபான்னு இருக்கு. இப்ப சம்பந்தி "உங்க பையன் கொண்டாந்தது டூப்ளிகேட்"னு சொல்லிட்டாரு, மாமா முகம் சுருங்கிப்போச்சு, வீட்ல ஒரு வாரமா இதே பேச்சு.

தேடிப் பாத்தேன், ஒருத்தர் ஃபிடல் காஸ்ட்ரோ ஆரம்பிச்சதுங்கறார், இன்னொருத்தர் கொலம்பஸ் காலத்துல இருந்து இருக்குங்கறார். கம்யூனிஸ்ட் நாட்டுல அரசாங்கம் நடத்துற ஒரு சரக்கு எப்படி உலகத்துலயே காஸ்ட்லியான சுருட்டுல ஒண்ணாச்சுங்கறதும் எனக்கு புரியல. விவரம் தெரிஞ்சவங்க பொறுமையா எழுதுங்க, மாமாவுக்கு படிச்சு காட்டணும்.

இலைமணம்:

செல்வா தம்பி, முதல்ல மாமா கிட்ட சொல்லிடுங்க, பையன் கொண்டாந்தது டூப்ளிகேட் இல்ல, அது அமெரிக்காவுல சட்டப்படி பல வருஷமா கடையில வித்துட்டு இருக்கற சரக்கு. ஆனா கியூபா கோஹிபாவுக்கும் அதுக்கும் பேரைத் தவிர எந்த சம்பந்தமும் இல்ல. அந்த வழக்கு கதை பெருசு, நம்ம வழக்கு_வாசிப்பு வந்து எழுதுவாருன்னு நினைக்கிறேன், நான் அதுக்கு முந்தின கதையை சொல்றேன்.

கோஹிபா பழைய பிராண்டே இல்ல, இதை எல்லாரும் தப்பா புரிஞ்சு வச்சிருக்காங்க. எச் அப்மன், பார்ட்டாகாஸ் எல்லாம் 1840கள்ல ஆரம்பிச்சது, மான்டிகிரிஸ்டோ 1935. கோஹிபா 1966 தான். அந்த வருஷம் ஏன்னு புரியணும்னா 1960க்கு போகணும். அந்த செப்டம்பர்ல புரட்சி அரசாங்கம் சுருட்டு கம்பெனிகளை எல்லாம் நாட்டுடைமை ஆக்கிடுச்சு. அதுவரைக்கும் நடத்திட்டு இருந்த குடும்பங்கள்ல நிறைய பேர் நாட்டை விட்டே கிளம்பிட்டாங்க, பார்ட்டாகாஸ் வச்சிருந்த சிஃபுவெண்டெஸ் குடும்பம், மான்டிகிரிஸ்டோவும் எச் அப்மனும் வச்சிருந்த மெனெண்டெஸ் குடும்பம் எல்லாம் அப்படி போனவங்க தான். தொழிற்சாலை, நிலம், இலை எல்லாம் கியூபாவுல, ஆனா பேரு எங்களுதுன்னு அவங்க வெளிநாட்டுல உரிமை கொண்டாடுறாங்க. அரசாங்கம் ஒரு கட்டத்துல பழைய பிராண்டு எதுவும் வேணாம்னு எல்லாத்தையும் தூக்கிட்டு சிபோனேன்னு ஒரே பேர்ல விக்கப் பாத்துச்சு. சிபோனேங்கறதும் அந்த தீவோட பூர்வகுடி பேர் தான். வெளிநாட்டுல ஒருத்தரும் வாங்கல, திரும்ப பழைய பேருங்களையே கொண்டு வந்தாங்க. எனக்கு இந்த தோல்வி தான் கோஹிபா கதையோட உண்மையான ஆரம்பம்னு தோணும், புதுப் பேர் மட்டும் வச்சா போதாதுன்னு அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் 60களோட நடுவுல ஃபிடலோட பாடிகார்டுல ஒருத்தர், பியென்வெனிடோ பெரெஸ்னு பேர், ஒரு சுருட்டு பிடிச்சுட்டு இருந்திருக்கார். பிராண்டு எதுவும் இல்லாத சுருட்டு, அவரோட கூட்டாளி எட்வர்டோ ரிவெராங்கறவர் தன் கையால சுத்தி கொடுத்தது. அந்த வாசனை ஃபிடலுக்கு பிடிச்சுப்போய் கேட்டு வாங்கி பிடிச்சுப் பாத்துட்டு, இதை சுத்துனவரை கூப்பிடுன்னுட்டார். ரிவெரா அவருக்குன்னு சுத்த ஆரம்பிச்சு, கடைசியில ஹவானாவோட மேற்கு பக்கம் குபனகான் ஏரியாவுல எல் லாகிட்டோன்னு ஒரு பங்களாவை ஒதுக்கி கொடுத்தாங்க. புரட்சிக்கு முன்னாடி பணக்காரக் குடும்பம் வாழ்ந்த மாளிகை அது, பெரிய வளைவு, மாடிப்படி, தோட்டம் எல்லாம் உண்டு. இன்னைக்கும் கோஹிபாவோட தலைவீடு அதுதான்.

எல் லாகிட்டோவுல முக்கியமான விஷயம் ஃபிடல் இல்ல, அங்க உக்காந்து சுத்துனவங்க தான். அதுவரைக்கும் கியூபாவுல பெரும்பாலும் ஆம்பளைங்க தான் சுருட்டு சுத்துவாங்க, பொம்பளைங்களுக்கு இலையோட நடு நரம்பை உரிக்கிறது, தரம் பிரிக்கிறது, பட்டை ஒட்டுறது மாதிரி வேலை தான். எல் லாகிட்டோவுல பெண்களுக்குன்னே சுத்துறதுக்கு பயிற்சி கொடுத்து அவங்களை வச்சே தொழிற்சாலையை நடத்துனாங்க. ஸ்பானிஷ்ல டோர்செடோராம்பாங்க, சுருட்டுறவள்னு அர்த்தம். 2006ல 40வது வருஷத்துக்கு பெஹிகேன்னு ஒரு ஸ்பெஷல் சுருட்டு விட்டாங்க, மொத்தம் 4000 தான், அந்த நாலாயிரத்தையும் சுத்துனது நோர்மா ஃபெர்னாண்டெஸ்ங்கற ஒரே ஒரு அம்மா.

முதல் பதினஞ்சு வருஷத்துக்கு மேல இது கடைக்கே வரல. ஃபிடலும் பெரிய தலைவர்களும் பிடிக்கிறது, வர்ற போற வெளிநாட்டுத் தலைவர்களுக்கு பரிசா கொடுக்கிறது, அவ்வளவு தான். காசு கொடுத்தாலும் கிடைக்காதுங்கறதே அதுக்கு பெரிய விளம்பரமா போச்சு. ரிவெராவுக்கு அப்புறம் அவெலினோ லாரா பொறுப்புக்கு வந்து ரொம்ப வருஷம் நடத்துனார். 1982ல தான் வெளிய விக்க ஆரம்பிச்சாங்க, ஸ்பெயின்ல உலகக்கோப்பை ஃபுட்பால் நடந்த வருஷம். முதல்ல வந்தது மூணு சைஸ்: லான்செரோ, கொரோனாஸ் எஸ்பெஷியாலெஸ், பனெடெலாஸ். மூணுமே ஒல்லி. லான்செரோ ஏழரை இஞ்ச் நீளம், தலைப்பக்கம் இலையை முறுக்கி சின்னதா பன்னிவால் மாதிரி விட்டிருப்பாங்க. 1989ல எஸ்ப்ளெண்டிடோ, ரொபுஸ்டோ, எக்ஸ்கிசிட்டோ மூணும் சேந்துச்சு. 1992ல கொலம்பஸ் வந்து 500 வருஷம் ஆச்சுன்னு சிக்லோ வரிசை ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும், ஒரு நூற்றாண்டுக்கு ஒண்ணுன்னு கணக்கு. சம்பந்தி கொண்டாந்தது சிக்லோவா இருக்கும், மாமாவை பெட்டியில பாக்க சொல்லுங்க. சிக்லோ ஆறு 2002ல தான் வந்துச்சு.

இப்ப ஏன் காஸ்ட்லிங்கற கேள்வி. இலை வர்றது தீவோட மேற்கு கோடியில பினார் டெல் ரியோ மாகாணம், வுயெல்ட்டா அபாஹோன்னு ஒரு வட்டாரம், அதுல சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்டினெஸ்னு ரெண்டு ஊர். அங்க இருக்கிற தோட்டங்கள்லயே பொறுக்கி எடுத்த சில தோட்டங்களோட இலை தான் கோஹிபாவுக்கு. சுருட்டுக்கு உள்ள வைக்கிற இலை மூணு வகை: செடியோட கீழ்ப்பக்கம் வொலாடோ, அது நல்லா எரியும், நடுவுல செக்கோ, அது வாசனை, மேல லிஹேரோ, அது வெயில் முழுக்க வாங்குன காரமான இலை. எல்லா கியூபா சுருட்டுக்கும் இலையை ரெண்டு தடவை புளிக்க வைப்பாங்க, கோஹிபாவுக்கு மட்டும் செக்கோவையும் லிஹேரோவையும் மரப்பீப்பாய்க்குள்ள போட்டு மூணாவது தடவையும் புளிக்க வைக்கிறாங்க. அந்த மூணாவது புளிப்பு தான் காட்டத்தை இறக்கி வழவழன்னு ஆக்குறது. 2010ல வந்த பெஹிகே வரிசையில மெடியோ டியெம்போன்னு இன்னொரு இலையும் சேக்குறாங்க, செடியோட உச்சியில ரெண்டே ரெண்டு குட்டி இலை, அதுவும் எல்லாச் செடியிலயும் வராது. விலை எங்க இருந்து வருதுன்னு இப்ப மாமாவுக்கு புரியும்.

தூத்துக்குடி_மாலுமி:

இலைமணம் அண்ணே, அருமையா எழுதிட்டீங்க. நான் கண்ணால பாத்ததை மட்டும் சொல்றேன். வியட்நாம்ல அரிசி ஏத்திட்டு ஹவானா போன கப்பல்ல நான் இருந்தேன், சரக்கு இறக்க நாள் கணக்கா ஆச்சு, ஒரு நாள் லீவு கிடைச்சு ஊருக்குள்ள ஒரு சுருட்டு தொழிற்சாலையை சுத்திப் பாக்க டிக்கெட் எடுத்தோம். எல் லாகிட்டோ இல்ல, அங்க எல்லாரையும் விடமாட்டாங்க, இது வேற இடம், ஆனா சுத்துற முறை ஒண்ணு தான்.

பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி வரிசை வரிசையா மேசை. ஒவ்வொருத்தருக்கும் ஒரு மரப்பலகை, அரை நிலா மாதிரி பிடியில்லாத ஒரு கத்தி, அதுக்கு பேரு சவேட்டா, சின்ன கிண்ணத்துல பசை. எனக்கு நேரா இருந்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். உள்ளிலையை ஒண்ணொண்ணா எடுத்து விசிறி மடிப்பு மாதிரி உள்ளங்கையில மடிச்சு சேக்குறாங்க, அப்படியே அமுக்கிட்டா புகை போக வழி இருக்காதுங்கறதுக்காக நடுவுல காத்து போக இடம் விட்டு விட்டு மடிக்கிறாங்க. காரமான இலை நடுவுல, மத்தது சுத்தி. அப்புறம் ஒரு இலையால இறுக்கி, மர அச்சுக்குள்ள வச்சு அழுத்தத்துல விட்டுடறாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்து தான் மேல் இலை. அது பட்டுத்துணி மாதிரி மெலிசு, லேசா ஈரம், நரம்பே கண்ணுக்கு தெரியாது. கத்தியால ஒரே இழுப்புல ஓரத்தை வெட்டி, சாய்வா வச்சு உருட்டிட்டே போறாங்க, கடைசியில தலைக்கு ஒரு சின்ன வட்டம் வெட்டி பசை தொட்டு மூடிட்டாங்க. உருட்டுற சுருட்டை அவங்க பாக்கவே இல்ல, பக்கத்து அம்மாவோட பேசிட்டே கை தானா வேலை செய்யுது. பிரமிச்சு நின்னுட்டேன்.

இன்னொண்ணும் சொல்லணும், எதிர்ல ஒரு மேடை, அதுல ஒருத்தர் மைக் வச்சுட்டு பேப்பர் படிக்கிறார். வேலை செய்யறவங்களுக்கு காலையில செய்தி, அப்புறம் கதைப் புத்தகம். 1865ல இருந்து கியூபா சுருட்டு தொழிற்சாலைங்கள்ல இந்த பழக்கம் உண்டாம். படிச்சது பிடிச்சா சவேட்டாவால பலகையை தட்டுவாங்க, அது தான் கைதட்டு. மான்டிகிரிஸ்டோங்கற பேரே அப்படி படிச்ச ஒரு நாவல்ல இருந்து வந்தது தான்.

ஆனா அன்னைக்கு சாயங்காலம் நான் ஏமாந்தேன், மத்தவங்க ஏமாறக்கூடாதுன்னு எழுதறேன். வெளிய வந்ததும் ஒரு ஆள் கூடவே நடந்து வந்து, எங்க அத்தை உள்ள வேலை பாக்குறாங்க, தொழிலாளிக்கு கொடுக்கற பங்குல மிச்சம்னு சொல்லி ஒரு வீட்டு மாடிக்கு கூட்டிட்டு போய் கோஹிபா எஸ்ப்ளெண்டிடோ பெட்டி காமிச்சான். மேல கண்ணாடி மூடி, உள்ள மினுமினுன்னு சுருட்டு. கடை விலையில கால்வாசி கூட இல்ல. கையில இருந்த டாலரை எல்லாம் கொடுத்துட்டேன், ஊர்ல எங்க அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்துட்டு போகணும்னு ஆசை. கப்பலுக்கு வந்து சீஃப் இன்ஜினியர் கிட்ட காமிச்சா அவர் பெட்டியை திறக்கவே இல்ல, கண்ணாடி மூடியை பாத்ததுமே தலையை ஆட்டிட்டார். கோஹிபா கண்ணாடி மூடி பெட்டியில எப்பவும் வந்ததே கிடையாதாம். ஒண்ணை பிரிச்சு பாத்தோம், முழு இலையே இல்ல, கூட்டி அள்ளின துண்டு துணுக்கு. ரொம்ப நாள் மனசு ஆறல. அத்தனை பாடுபட்டு சுத்துறதை அன்னைக்கு காலையில தானே பாத்தேன், சாயங்காலம் அதே பேர்ல குப்பையை வித்துட்டான்.

ராஜபாளையம்_செல்வா:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணே. மாமாவுக்கு சத்தமா படிச்சு காமிச்சேன், அந்த மேடையில பேப்பர் படிக்கிற இடத்துல நிறுத்தி திரும்ப படிக்க சொன்னார். அவர் கேட்டது ஒண்ணு தான், அப்போ அமெரிக்காக்காரன் கோஹிபாங்கற பேரை எப்படி எடுத்தான், கியூபா கேக்கலையா?

வழக்கு_வாசிப்பு:

கேட்டாங்க செல்வா, கால் நூற்றாண்டா கேட்டுட்டு இருக்காங்க. வருஷத்தை கவனிச்சு படிங்க, எல்லாம் அதுல தான் இருக்கு.

1962 பிப்ரவரியில கென்னடி கியூபா மேல வர்த்தகத் தடை போட்டார், அதுல இருந்து கியூபா சுருட்டு அமெரிக்காவுல விக்க முடியாது. 1978ல ஜெனரல் சிகார்னு அமெரிக்க கம்பெனி கோஹிபாங்கற பேருக்கு விண்ணப்பம் போட்டு 1981ல பதிவு வாங்கிட்டாங்க. கியூபா வெளிய விக்க ஆரம்பிச்சது 1982ல. அதாவது கடைக்கு வர்றதுக்கு முந்தின வருஷமே பேர் போயிடுச்சு. சிஃபுவெண்டெஸ் குடும்பத்தை பத்தி இலைமணம் சொன்னார்ல, அவங்க கிட்ட இருந்து பார்ட்டாகாஸ் பேரை 70கள்ல வாங்குனதும் இதே கம்பெனி தான். அதுல ஒரு நியாயம் இருக்கு, பேருக்கு சொந்தக்காரங்க விக்கறாங்க, இவங்க வாங்குறாங்க. கோஹிபாவுல அப்படி விக்கறதுக்கு ஊரை விட்டுப் போன குடும்பம்னு யாருமே இல்ல, அது புரட்சிக்கு அப்புறம் பிறந்த பேர். அதனால தான் கியூபாக்காரங்களுக்கு இந்த வழக்குல அவ்வளவு வலி.

90கள்ல அமெரிக்காவுல சுருட்டு மோகம் உச்சத்துக்கு போச்சு, 1997ல ஜெனரல் சிகார் டொமினிக்கன் ரிபப்ளிக்ல செஞ்ச கோஹிபாவை பெருசா இறக்குனாங்க, உங்க வீட்ல இருக்கிற சிவப்பு பொட்டு அது தான். அதே வருஷம் கியூபாவோட அரசு நிறுவனம் குபடபாக்கோ வழக்கு போட்டுச்சு. 2004ல நியூயார்க் மாவட்ட நீதிமன்றம் கியூபா பக்கம் தீர்ப்பு சொன்னுச்சு, உலகம் முழுக்க தெரிஞ்ச பேர், அமெரிக்காவுல விக்காட்டியும் அவங்களுது தான்னு. அடுத்த வருஷமே அப்பீல் கோர்ட் அதை மாத்திடுச்சு, காரணம் என்னன்னா வர்த்தகத் தடை. தடை இருக்கிறப்ப கியூபாவுக்கு அமெரிக்காவுல ஒரு சொத்துரிமையை எடுத்துக் கொடுக்க முடியாதுன்னு. உள்ள விக்க விடமாட்டேன், விக்கலைங்கறதுக்காக பேரையும் அடுத்தவனுக்கு கொடுப்பேன்னா அது எந்த ஊர் நியாயம்னு எனக்கு இன்னைக்கும் கோவம் வரும்.

2014ல இன்னொரு கோர்ட் சொன்னது தான் திருப்பம், பேரை உனக்கு மாத்தி கொடுக்க முடியாது, ஆனா அவங்க பதிவை ரத்து பண்ணச் சொல்லி நீ கேக்கலாம்னு. அப்படி கேட்டு, 2022 டிசம்பர்ல அமெரிக்க வணிகமுத்திரை வாரியம் ஜெனரல் சிகாரோட பதிவை ரத்து பண்ணுச்சு. 1929ல அமெரிக்க கண்டத்து நாடுங்க போட்ட ஒரு ஒப்பந்தம் தான் கைகொடுத்துச்சு, வேற நாட்டுல ஒருத்தன் பேர் இருக்குன்னு தெரிஞ்சே பதிவு பண்ணியிருந்தா அதை ரத்து பண்ணலாம்னு அதுல இருக்கு. கம்பெனி அதை எதிர்த்து கோர்ட்டுக்கு போச்சு.

ஆக மாமா கிட்ட இருக்கிறது டூப்ளிகேட் இல்ல, வேற சுருட்டு. சம்பந்தி கிட்ட இதை பக்குவமா சொல்லுங்க.

சொல்மூட்டை:

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க, ரெண்டு விஷயம் சேக்குறேன். கொலம்பஸ் காலத்துல இருந்து இருக்குன்னு செல்வா படிச்சதும் முழுக்க தப்பில்ல. பிராண்டு 1966, ஆனா சொல்லு பழசு. கியூபாவோட பூர்வகுடி தைனோ மக்கள் புகையிலையை சுருட்டி கட்டி பிடிச்சதுக்கு சொன்ன வார்த்தை தான் கோஹிபா. 1492 நவம்பர்ல கொலம்பஸோட ஆளுங்க ரெண்டு பேர், ரொட்ரிகோ டெ ஹெரெஸும் லூயிஸ் டெ டோர்ரெஸும், தீவுக்குள்ள போய் பாத்துட்டு வந்து சொன்னது அதைத் தான். பெஹிகேங்கறதும் தைனோ சொல்லு தான், அவங்க பூசாரி வைத்தியருக்கு அந்தப் பேர். அந்த மக்களை சில பத்து வருஷத்துல ஏறக்குறைய அழிச்சே போட்டாங்க, அவங்க வார்த்தை தான் பட்டையில ஓடிட்டு இருக்கு. ஸ்பானிஷ்ல நடுவுல இருக்கிற எச் எழுத்தை உச்சரிக்க மாட்டாங்க, கொஈபான்னு தான் சொல்வாங்க. நம்ம மொழிக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு, இங்கிலீஷ்காரன் செரூட்டுன்னு சொல்றது நம்ம சுருட்டு தான், பிரெஞ்சு வழியா போச்சு.

ரெண்டாவது, ஃபிடலுக்கு ஏன் தனி பங்களாவுல சுத்தணும்னு யாரும் கேக்கல. 1960ல சிஐஏ அவருக்கு பிடிச்ச பிராண்டு சுருட்டு ஒரு பெட்டி எடுத்து பாட்டுலினம் விஷம் தடவி வச்சாங்க, வாயில வச்சாலே சாவுங்கற அளவுக்கு. 1961 பிப்ரவரியில அது ஒரு ஆள் கைக்கும் போச்சு. இது கட்டுக்கதை இல்ல, 1975ல அமெரிக்க செனட் விசாரணையிலயே வெளிய வந்த விஷயம். அப்படி ஒரு காலத்துல பாடிகார்டுக்கு தெரிஞ்ச ஆள் சுத்துன சுருட்டு எவ்வளவு முக்கியம்னு யோசிச்சு பாருங்க.

அப்புறம், கோஹிபா கடைக்கு வந்து மூணே வருஷத்துல, 1985ல, ஃபிடல் சுருட்டை விட்டுட்டார். நாட்டுல புகை எதிர்ப்பு பிரசாரம் நடத்தணும், தலைவரே வாயில வச்சுட்டு நடத்த முடியாதுன்னு. அதுக்கப்புறம் திரும்ப தொடவே இல்ல.

இலைமணம்:

சொல்மூட்டை, விஷப் பெட்டி விஷயத்தை நான் விட்டுட்டேன், நல்லவேளை சொன்னீங்க.

விலை பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. 2022ல, கியூபா சுருட்டை உலகம் பூரா விக்கற ஹபனோஸ் நிறுவனம் கோஹிபாவுக்கும் ட்ரினிடாடுங்கற இன்னொரு கியூபா பிராண்டுக்கும் உலகம் பூரா ஹாங்காங் விலையை ஒட்டியே வைக்க முடிவு பண்ணுச்சு, பல ஊர்ல விலை ஒரே நாள்ல ரெண்டு மடங்கு. முன்ன ஸ்பெயின்ல கம்மியா வாங்கிட்டு வந்தவங்க எல்லாம் அதோட நிறுத்திட்டாங்க. நிறுவனமே இப்ப பாதி கியூபா அரசு, மீதி பாதி 2020ல ஆசிய முதலீட்டாளர்கள் கைக்கு போச்சு. வருஷா வருஷம் ஹவானாவுல நடக்கிற ஏலத்துல சுருட்டு அலமாரிங்க ஏலம் போகும், 2023ல மொத்தம் 1 கோடி யூரோவை தாண்டிடுச்சு, அந்த பணம் கியூபாவோட அரசு ஆஸ்பத்திரிகளுக்கு போகும். செல்வா கேட்ட கம்யூனிஸ்ட் நாடு கேள்விக்கு என் பதில் இங்க தான் இருக்கு, அந்த நாட்டுக்கு டாலர் கொண்டு வர்ற சில பொருள்ல இது ஒண்ணு, அதனால தரத்தை விட்டுக் கொடுக்க அவங்களால முடியாது. ஆனா அந்த மேசையில உக்காந்து சுத்துற அம்மாவால ஒரு பெட்டி வாங்க முடியாதுங்கறதும் உண்மை, எனக்கு அது உறுத்திட்டே இருக்கு.

ராஜபாளையம்_செல்வா:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி மாமா, சம்பந்தி ரெண்டு பேரையும் உக்கார வச்சு முழுசா படிச்சேன். சம்பந்தி பெட்டியை எடுத்து பாத்தோம், சிக்லோ ரெண்டுன்னு இருக்கு, ஓரத்துல பச்சை கலர்ல அரசாங்க முத்திரை, முழுக்க கையால செஞ்சதுன்னு ஸ்பானிஷ்ல அச்சு. மூணுல ஒண்ணை மாமா எடுத்து மூக்குல வச்சு ரொம்ப நேரம் முகர்ந்துட்டு திரும்ப உள்ள வச்சுட்டார். பத்த வைக்கலையான்னு கேட்டேன், இதை எந்த அம்மா சுத்துச்சோ, பேத்தி நிச்சயதார்த்தம் வரைக்கும் இருக்கட்டும்னார். சிவப்பு பொட்டு பெட்டியில இருந்து ஒண்ணு எடுத்து சம்பந்திக்கு கொடுத்தார், அவரும் வாங்கிட்டார்.

மாலுமி அண்ணே, நிச்சயதார்த்தம் ஆறு மாசம் கழிச்சு தான், அதுவரைக்கும் ராஜபாளையம் வெயில்ல இதை காயாம எப்படி வைக்கிறதுன்னு சொல்லுங்க.

தூத்துக்குடி_மாலுமி:

தம்பி, ஃபிரிட்ஜுல மட்டும் வச்சுடாதீங்க, அது ஈரத்தை உறிஞ்சிடும், சமையல் வாசனையும் ஏறிடும். நல்லா இறுக்கமா மூடற டப்பா ஒண்ணு எடுங்க, மசாலா வாசனை இல்லாம புதுசா இருக்கணும். ஈரப்பதம் 65ல இருந்து 70 சதவீதத்துக்குள்ள வைக்கிற சின்ன பாக்கெட் ஆன்லைன்ல கிடைக்கும், ஒண்ணு உள்ள போட்டு சுருட்டையும் போட்டு வீட்டுலயே குளிர்ச்சியான ரூம்ல, வெயில் படாத அலமாரியில கீழ் தட்டுல வைங்க. சூடு ரொம்ப ஏறுனா இலைக்குள்ள இருக்கற வண்டு முட்டை பொரிச்சு ஓட்டை போட்டுடும், சித்திரை வெயில்ல அதை பாத்துக்கங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை திறந்து விரலால லேசா அமுக்கிப் பாருங்க, கொஞ்சம் அமுங்கி திரும்ப எழும்பினா நல்லா இருக்குன்னு அர்த்தம், நொறுநொறுன்னு சத்தம் வந்தா பாக்கெட்டை மாத்துங்க.